அப்பா வீல்சேரில் வழுக்கிக்கொண்டே இருக்கிறார், பெல்ட் போட்டுக் கட்டலாமா?

செந்தூல்_மகள்
ஞாயிறு, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல் முறையாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. இடது கை, இடது கால் இரண்டும் பலவீனம். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் எல்லாம் புரியும், எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அவசரமாக ஒரு கடையில் வீல்சேர் வாங்கினோம். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று மடக்கி காரில் ஏற்றிவிட்டார்கள். அளவெல்லாம் யாரும் எடுக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு நேராக உட்கார வைத்தால் எட்டு மணிக்குப் பாதி படுத்த மாதிரி கிடக்கிறார். இடுப்பு நாற்காலியின் நுனிக்கு வந்துவிடும், தாடை நெஞ்சில் இடிக்கும், உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நானும் அம்மாவும் அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்போம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. அம்மாவுக்கு முதுகு போய்விட்டது.

அத்தை ஒரு யோசனை சொன்னார். பழைய கைலியை மடித்து அவர் வயிற்றைச் சுற்றி நாற்காலியோடு கட்டினோம். நாலு நாள் சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை நான் அடுப்படியில் இருந்தேன். டக் டக் என்று ஒரு சத்தம். அம்மாதான் ஏதோ தட்டுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்புறம் எட்டிப் பார்த்தால், அப்பா வழுக்கி இறங்கி, கைலி மார்புக்கு மேலே ஏறி, கழுத்தடியில் இறுகியிருந்தது. வாயைத் திறக்கிறார், குரல் வரவில்லை. வலது கையால் சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவிழ்த்துவிட்டேன், இப்போது நன்றாகத்தான் இருக்கிறார். எனக்குத்தான் இன்னும் கை நடுங்குகிறது.

கேள்வி இதுதான். கைலிக்குப் பதிலாக நல்ல அகலமான பெல்ட் வாங்கிக் கட்டினால் பாதுகாப்பாக இருக்குமா?

---

ஜாலான்_ஈப்போ_காரன்
ஞாயிறு, இரவு 9.40

தங்கச்சி, இடுப்பில் கட்டினால் வழுக்கத்தான் செய்யும். தோள் வழியாக வந்து மார்பில் எக்ஸ் மாதிரி மாட்டும் பட்டை ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. என் மாமியாருக்கு அதுதான் போட்டோம், அசையவே மாட்டார். கூடவே நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷன் ஒன்று வாங்கிப் போடுங்கள், புண் வராது.

---

டி10_தம்பி
ஞாயிறு, இரவு 9.52

அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். "அசையவே மாட்டார்" என்பதை நல்ல செய்தி மாதிரி சொல்கிறீர்கள்.

அக்கா, தயவுசெய்து அந்த மார்புப் பட்டையை வாங்காதீர்கள். இடுப்பு நிற்காமல் மார்பை மட்டும் கட்டினால் வழுக்கும்போது பட்டை நேராகக் கழுத்துக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் நடந்ததேதான், பட்டை மட்டும் இன்னும் உறுதி.

நான் 14 வருஷமாக வீல்சேரில் இருக்கிறேன், மோட்டார் சைக்கிள் விபத்து. தெரிந்த ஓடி (தொழில்வழிச் சிகிச்சையாளர்) அக்கா ஒருவர் இங்கே வருவார், அவரைக் கூப்பிடுகிறேன்.

---

ஓடி_அக்கா
ஞாயிறு, இரவு 11.05

வந்துவிட்டேன். மகளே, முதலில் அந்தக் கைலியை அலமாரியில் வையுங்கள். இன்றைக்கு ராத்திரியே.

வழுக்குவதை நிறுத்த என்ன கட்டலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். ஏன் வழுக்குகிறார் என்று கேட்பவர்கள் குறைவு. காரணம் அப்படியே இருக்கும்போது கட்டினால், உடம்பு வழுக்குவதை நிறுத்தாது. கட்டுக்கு அடியில் வழுக்கும், அவ்வளவுதான்.

வீல்சேரில் உட்காருவது இடுப்புக்கூட்டில் தொடங்குகிறது. நேராக உட்காரும்போது உங்கள் கையைப் பிட்டத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் இரண்டு எலும்பு குத்தும். எடை அந்த இரண்டின் மீதும் சமமாக இறங்க வேண்டும், தொடைகளும் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்பு பின்னால் உருண்டுவிட்டால் எடை முதுகின் அடியில், வாலெலும்புப் பக்கம் போய்விடும். முதுகு கூன் போடும், தலை தொங்கும், விழுங்கும்போது புரையேறும். அப்பாவின் தாடை நெஞ்சில் இடிக்கிறது என்றீர்களே, அது கழுத்தின் கோளாறாக இல்லாமல் இருக்கலாம். அடியில் இடுப்பு போனதால் மேலே எல்லாம் போயிருக்கும்.

இடுப்பு முன்னால் போக நான் அடிக்கடி பார்க்கும் காரணம், இருக்கையின் ஆழம் அதிகமாக இருப்பது. இருக்கையின் முன் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் இடித்தால், காலை மடக்க இடம் வேண்டி ஆள் தானாக முன்னால் நகர்ந்துவிடுவார். கால் வைக்கும் தட்டு தாழ்ந்திருந்தால் பாதம் அதைத் தேடி இறங்கும், இடுப்பும் கூடப் போகும். நீட்டி வைக்கும் கால்தாங்கி இருந்தால் தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். தொய்ந்த துணி இருக்கை, வலி, சோர்வு, பிட்டத்தில் தொடங்கிய புண், இவையும் உண்டு.

நாளைக்கு அளவு நாடா எடுத்து எனக்கு நாலு அளவு சொல்லுங்கள். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை. இடுப்பின் அகலம். முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, செருப்போடு. நாற்காலியின் அதே அளவுகளும், தரையிலிருந்து இருக்கையின் உயரமும். அப்பாவைக் கட்டிலின் ஓரத்திலோ கெட்டியான நாற்காலியிலோ உட்கார வைத்து எடுங்கள். படுக்க வைத்து எடுத்தால் தப்பாகும்.

வளையக் குஷன் வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தோல் நசுங்கி, நடுவில் இருக்கும் சதைக்கு ரத்தம் குறையும்.

அக்குளில் இழுப்பதையும் நிறுத்துங்கள். பலவீனமான இடது தோள் மூட்டிலிருந்து இறங்கிவிடும். பிட்டம் குஷனில் தேய்ந்து, தோல் ஒரு பக்கமும் உள்சதை ஒரு பக்கமும் இழுபடும். புண்ணுக்கு அது பெரிய காரணம். அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள், ஒருவர் முன்னால் நின்று தாங்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் இடது பிட்டம் லேசாகும், அதைப் பின்னால் தள்ளுங்கள். அப்புறம் மறுபக்கம். பிட்டத்தாலேயே இரண்டு எட்டு பின்னால் நடப்பது மாதிரி. பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

---

ஜாலான்_ஈப்போ_காரன்
திங்கள், காலை 7.20

என் மாமியார் ஒன்றரை வருஷம் அந்தப் பட்டையில்தான் இருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அனுபவத்தில் சொன்னேன், வேண்டாம் என்றால் விடுங்கள்.

---

டி10_தம்பி
திங்கள், காலை 7.31

ஒன்றும் ஆகாதது நல்லது அண்ணே. அவர் அதைக் கழற்றச் சொல்லி ஒரு தடவையாவது கேட்டாரா?

---

செந்தூல்_மகள்
திங்கள், இரவு 8.48

அளந்துவிட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார், பட்டறையில் அளவெடுத்தே பழகியவர், நாடாவை நான் பிடித்த விதம் சரியில்லையாம்.

பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு 42 செ.மீ., நாற்காலியின் ஆழம் 41. இடுப்பு அகலம் 34, நாற்காலி 46. முழங்கால் மடிப்பிலிருந்து செருப்போடு குதிகால் 43. தரையிலிருந்து இருக்கைத் துணி 50, அதன் மேல் 6 செ.மீ. ஸ்பாஞ்சுக் குஷன். குஷன் மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் மடித்த கைலி, அதன் மேல் துண்டு. (கைலி என்றதும் திட்ட வேண்டாம், இது வேற கைலி.)

---

ஓடி_அக்கா
திங்கள், இரவு 9.30

42க்கு 41 என்றால் முழங்காலுக்குப் பின்னால் ஒரு விரல்கூட நுழையாது. 5 செ.மீ. இடைவெளி வேண்டும், இரண்டு மூன்று விரல் படுக்க வைத்தால் நுழைய வேண்டும். அவருக்குத் தேவை சுமார் 37.

அகலம் 12 செ.மீ. கூடுதல். அதனால்தான் இடப்பக்கம் சரிகிறார். அக்குளுக்கு அடியில் தலையணை செருகாதீர்கள், இடுப்புக்கு இரு பக்கமும் கெட்டியான ஃபோம் கட்டை வையுங்கள். இடுப்பு நடுவில் நின்றால் தோள் பாதி தானாக நிமிரும்.

விரிப்பு, கைலி, துண்டு மூன்றையும் எடுத்துவிடுங்கள். குஷன் உடம்பின் வடிவத்துக்கு அமுங்கிக் கொடுக்கத்தான் இருக்கிறது. மேலே இத்தனை அடுக்குப் போட்டால் குஷன் அங்கே இருப்பதே உடம்புக்குத் தெரியாது. நம் ஊர் வெக்கைக்கு பிளாஸ்டிக் மேல் வேர்வை தேங்கி, தோல் ஊறிப்போய் சீக்கிரம் கிழியும். மூத்திரத்துக்காகப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இழுபடும், காற்றுப் புகும் உறை போதும்.

இன்றைக்கு ராத்திரி தோலைப் பார்த்தீர்களா? வாலெலும்பு, இரண்டு பிட்டம், குதிகால். புத்தகத்தில் சிவப்பு என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கல் மாதிரியோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும்.

---

பட்டர்வொர்த்_பட்டறைக்காரன்
திங்கள், இரவு 10.15

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வீல்சேர் ரிப்பேர் செய்பவன். 50 செ.மீ. உயரம், 46 அகலம், மடக்கும் வகை. எந்த நாற்காலி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளிப்போக வைத்திருப்பார்களே, அதே ஜாதி. பத்து நிமிஷம் உட்காரச் செய்தது. அதில் நம் ஆட்கள் பத்து மணி நேரம் உட்காருகிறார்கள்.

இருக்கைத் துணியை அமுக்கிப் பாருங்கள் அம்மா. எட்டு மாதத்தில் தூளி மாதிரி தொங்கியிருக்கும். தூளியில் உட்கார்ந்தால் இரண்டு தொடையும் நடுவில் வந்து முட்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயும். எவ்வளவு விலைக்குக் குஷன் வாங்கிப் போட்டாலும் அதுவும் சேர்ந்து தொங்கும். குஷனுக்கு அடியில் 12 மி.மீ. பிளைவுட் வெட்டிப் போடுங்கள். ஓரத்தைத் தேய்த்து உருட்டிவிட வேண்டும், நகராமல் வெல்க்ரோ. ஆனால் பலகை போட்டால் உயரம் இன்னும் ஏறும். ஏற்கெனவே 50. ஓடி அம்மா என்ன சொல்கிறார்களோ பார்த்துச் செய்யுங்கள்.

---

டி10_தம்பி
திங்கள், இரவு 11.02

குஷன் பேச்சு வந்ததால் என் கதை ஒன்று. நான் காற்றுக் குஷன்காரன். ஒரு தடவை நண்பர்களோடு கெந்திங் மலைக்குப் போனேன். மேலே ஏற ஏறக் குஷன் பந்து மாதிரி இறுகிவிட்டது, உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு அல்லவா. தடுமாறுகிறதே என்று மேலேயே கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டேன், அதோடு மறந்தும் போனேன். கீழே இறங்கியதும் அது சப்பையாகி, எலும்பு நேராகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ராத்திரி கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பு. மூன்று வாரம் குப்புறப் படுத்திருந்தேன். இப்போது தினமும் காலையில் கையைக் குஷனுக்கும் பிட்டத்துக்கும் நடுவே விட்டுப் பார்ப்பேன். எலும்புக்குக் கீழே ஒரு விரல் தடிமனுக்குக் காற்று இருக்க வேண்டும். ஜெல் குஷன் வைத்திருப்பவர்கள் வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூடேறினால் உணர்ச்சி இல்லாத தோல் வெந்துவிடும்.

அக்கா, உங்களிடம் ஒரே கேள்வி. அப்பா வழுக்குகிறார், வழுக்குகிறார் என்கிறோம். எல்லாரும் அவரை அரிசி மூட்டை மாதிரி பேசுகிறோம். அவர் அந்த நேரத்தில் என்னதான் செய்கிறார்? நாளைக்கு ஒரு மணி நேரம் சும்மா தள்ளி நின்று பாருங்களேன். அவரையே கேளுங்கள்.

---

செந்தூல்_மகள்
செவ்வாய், காலை 10.26

தம்பி, நீங்கள் சொன்னதைச் செய்தேன். உட்கார்ந்து அழுதுவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நேரம் எழுதவில்லை.

ஏழு மணிக்கு உட்கார வைத்தேன். அம்மா அறைக்குள் மின்னல் எஃப்எம் வைத்தார். அப்பா கூடத்தில். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் வலது காலைத் தட்டிலிருந்து எடுத்துக் கீழே விட்டார். எட்டவில்லை. இடுப்பை ஒரு நெளிப்பு நெளித்து முன்னால் வந்தார். விரல் நுனி தரையில் பட்டது. விரலை ஊன்றி இழுத்தார், வலது கையால் சக்கரத்தைத் தள்ளினார். நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி நெளித்தார், இழுத்தார். ரேடியோ பக்கம் போகிறார்!

அவர் வழுக்கவில்லை. நடந்துகொண்டிருக்கிறார். எட்டு மாதமாக நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவரைப் பிடித்து இழுத்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்பா சொல்லவில்லை" என்று கேட்டேன். "சொன்னேனே" என்றார். குழறும் பேச்சில் சொல்லியிருப்பார்தான்.

---

ஓடி_அக்கா
செவ்வாய், மதியம் 1.10

நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தம்பி கேட்டுவிட்டார். கால் நீளம் 43, இருக்கை 50 என்று நேற்று நீங்கள் எழுதியபோதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும், ஆழத்திலேயே கண்ணாக இருந்துவிட்டேன்.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்பவர்கள் ஒரு கையாலும் ஒரு காலாலும்தான் வீல்சேரை ஓட்டுவார்கள். அதற்குக் குதிகால் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும். குஷனோடு சேர்த்து இருக்கை அவருடைய கால் நீளத்துக்கு வர வேண்டும். உங்கள் வீட்டில் அது 10 செ.மீ.க்கு மேல் உயரமாக நிற்கிறது. அதை இறக்க வேண்டும். வலப்பக்கக் கால்தட்டைக் கழற்றிவிடுங்கள், இடப்பக்கம் இருக்கட்டும். இருக்கையை இறக்கினால் இடது முழங்கால் கொஞ்சம் தூக்கி நிற்கும், தட்டு தரையைத் தொடாமல் இருக்க வேண்டுமே. வீட்டுக்குள் மட்டும் என்றால் பரவாயில்லை.

ஆழத்துக்கு, முதுகுக்குப் பின்னால் கெட்டிப் பலகையில் ஒட்டிய ஃபோம், 4 செ.மீ. தடிமன். தலையணை வேண்டாம், அது நசுங்கி இடுப்பை முன்னால் தள்ளும்.

பெல்ட் கேட்டீர்கள். இதெல்லாம் முடிந்த பிறகு போடலாம். வயிற்றில் இல்லை, தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், இருக்கைக்குச் சுமார் 45 முதல் 60 டிகிரி சாய்வில் பின்னால் கீழே இறங்க வேண்டும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், கை நுழையக் கூடாது. கொக்கியை அவரே வலது கையால் திறக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது அவரைக் கட்டிப்போடும் கட்டு.

இதெல்லாம் நான் படம்கூடப் பார்க்காமல் சொல்வது. உங்களுக்குச் செராஸ் மறுவாழ்வு மருத்துவமனையும் பிபியுஎம்மும் (மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை) தூரம் இல்லை. பரிந்துரைக் கடிதம் வாங்கி நேரில் காட்டுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது எல்லாம் வீல்சேர் கொடுப்பதில் அடக்கம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2008லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்திருந்தால் ஜேகேஎம்மில் (சமூக நலத்துறை) உதவிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

---

பட்டர்வொர்த்_பட்டறைக்காரன்
செவ்வாய், மாலை 6.35

ஆ, கால் ஓட்டுநரா! சரி, வேலை இருக்கிறது.

பின்சக்கரம் மாட்டியிருக்கும் இடத்தில் சட்டத்தில் ஒரு ஓட்டையா இரண்டா என்று பாருங்கள். இரண்டு இருந்தால் அச்சை மேல் ஓட்டைக்கு மாற்றினால் இருக்கை 5 செ.மீ. இறங்கும். ஒன்றுதான் என்றால் வீட்டில் யாரும் டிரில் எடுக்காதீர்கள், குழாய் பலமிழந்துவிடும். அச்சை மாற்றும்போது முன்சக்கரத்தையும் மாற்றி, முன்பக்கத்தை அதே அளவு இறக்க வேண்டும். பாதிக் கடைக்காரர்கள் அதை மறந்து, நாற்காலி பின்னால் சாய்ந்து நிற்கும். பிரேக்கும் டயரைத் தொடாது, அதைத் திரும்ப முடுக்க வேண்டும்.

மீதி உயரத்துக்கு இருக்கைத் துணியைக் கழற்றிவிட்டுப் பலகையைக் கொக்கி போட்டுச் சட்டத்துக்குக் கீழே தொங்கவிடலாம். அதன் மேல் குஷன்.

---

கெப்போங்_வாத்தியார்
செவ்வாய், இரவு 9.05

இழையைத் திசை திருப்பவில்லை, சின்னக் கேள்வி. என் பையனுக்குப் பெருமூளை வாதம், வேனில் வீல்சேரோடுதான் பள்ளிக்குப் போகிறான். நாற்காலியில் இருக்கும் இடுப்பு பெல்ட் வேனில் போதுமா?

---

ஓடி_அக்கா
செவ்வாய், இரவு 9.22

போதாது. அது உட்காரும் நிலைக்கான பெல்ட், மோதலைத் தாங்காது. நாற்காலியை முன்னோக்கி நிறுத்தி நாலு மூலையிலும் வேன் தரையோடு பட்டை போட்டுக் கட்ட வேண்டும். பையனுக்கு இடுப்பும் தோளும் சேர்ந்த வேன் பெல்ட் தனியாக. நாற்காலியும் ஐஎஸ்ஓ 7176-19 தேர்வில் தேறியதாக இருந்தால் நல்லது, கட்டும் இடத்தில் கொக்கிப் படம் ஒட்டியிருக்கும். அவனை வேன் இருக்கைக்கு மாற்ற முடியுமானால் அதுவே மேல். மடிமேல் பலகையைக் கழற்றிவிடுங்கள் வாத்தியாரே. மீதியைத் தனி இழையில் பேசலாம்.

---

ஜாலான்_ஈப்போ_காரன்
புதன், காலை 6.58

மாமியார் கழற்றச் சொன்னாரா என்று தம்பி கேட்டாரே. வீட்டில் கேட்டேன். தினமும் சொன்னாராம்.

---

செந்தூல்_மகள்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.10

நல்ல காலம், இரண்டு ஓட்டை இருந்தது. செத்தாப்பாக்கில் ஒருவர் அச்சையும் முன்சக்கரத்தையும் மாற்றிக் கொடுத்தார். பலகை அப்பாவே சொல்லச் சொல்ல என் தம்பி வெட்டினான், ஓரம் சரியில்லை என்று இரண்டு தடவை திரும்பத் தேய்க்க வைத்தார். மருத்துவமனையில் முதுகுப் பலகையும் இடுப்புக் கட்டைகளும் சரிசெய்தார்கள். இடது கை மடியிலிருந்து விழுந்து சக்கரக் கம்பிக்குள் போகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு ஒரு கைத்தாங்கியும் மாட்டினார்கள். அந்தப் பக்கம் கை இருப்பதே அவருக்குச் சில நேரம் தெரிவதில்லையாம்.

இப்போது ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் பின்னால் நகர்த்துகிறோம். சாயங்காலம் களைத்தால் இன்னும் சரிகிறார், அப்போது படுக்க வைத்துவிடுகிறோம். அரை மணிக்கு ஒரு தடவை மேசையில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்து இரண்டு நிமிஷம் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். செய்தி வாசிக்கும்போது ஒன்று, பாட்டுக்கு நடுவில் ஒன்று என்று அவரே கணக்கு வைத்திருக்கிறார். பெல்ட் வாங்கினோம், பாதி நாள் போடுவதில்லை.

புதுப் பிரச்சினை. நேற்று கதவு திறந்திருந்தது. நாலாவது மாடி நடைபாதையில் லிஃப்ட் வரைக்கும் தனியாகப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமிதான் கூட்டி வந்தார். அவரிடம் கீழே டீ குடிக்கப் போகிறேன் என்றாராம். போகட்டும், ஆனால் நிறுத்தத் தெரிய வேண்டுமே. வலப்பக்க பிரேக்கை அவரே போடுகிறார், இடப்பக்க பிரேக்கு வலது கைக்கு எட்டவில்லை. ஒரு பக்கம் மட்டும் போட்டால் நாற்காலி சுற்றுகிறது. என்ன செய்யலாம்?

---

பட்டர்வொர்த்_பட்டறைக்காரன்
ஞாயிறு, இரவு 8.31

பிரேக் கைப்பிடியில் நுழைகிற அளவுக்கு பிவிசி குழாய் ஒரு சாண் வெட்டி மாட்டுங்கள், மேலே சிவப்பு டேப் சுற்றுங்கள், இடப்பக்கம் கண்ணில் படட்டும். கட்டிலுக்கு மாறும்போது குறுக்கே நிற்கும், அதனால் ஒட்டிவிடாதீர்கள், உருவி எடுக்கும்படி இருக்க வேண்டும். எவ்வளவு நீளம் என்று ஐயாவையே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.